ஊருணியைக் குடித்தவன்

"திருடியை ஊரைவிட்டுத் துரத்திட்டோம், தாயே. தண்ணி மட்டும் இன்னும் குறைஞ்சுக்கிட்டே இருக்கு."

மாயழகு இதைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினான். அடிவாரத்திலிருந்து குகை வரைக்கும் ஒரு புல்லின் நிழல்கூட இல்லாத ஏற்றம்.

குகையம்மா வாசலில் உட்கார்ந்து கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்போ திருடி இன்னும் ஊருக்குள்ளதான் இருக்கா."

"இல்லை தாயே. போயிட்டா. நான்தான் ஊர் எல்லை வரைக்கும் பின்னாலேயே போய் விட்டுட்டு வந்தேன்."

"அப்போ போனவ திருடி இல்லை."

மாயழகு நெற்றி வியர்வையை வழித்தெறிந்தான்.

"கூட்டாளி யாராவது இருக்கணும்," என்றான்.

முறம் ஒருமுறை எழுந்து தாழ்ந்தது. உமி அவன் பக்கம் பறந்தது.

*

மாயழகு ஊருணிக் காவல்காரன். அவன் அப்பனும் காவல்காரன். அறுபது வீடும் குடிப்பது அந்த ஒரு ஊருணித் தண்ணீரைத்தான். அதில் கால் வைக்கக் கூடாது, துணி நனைக்கக் கூடாது, செருப்போடு கரையேறக் கூடாது. கோடையில் வீட்டுக்கு இரண்டு குடம். அதற்கு மேல் ஒரு செம்பு அள்ளினாலும் மாயழகின் கம்பு பேசும்.

குகையம்மாவுக்கு அவனுடைய மூத்த மகளின் வயதுதான் இருக்கும். ஏழு வருடத்துக்கு முன்னால் எங்கிருந்தோ வந்து இந்தக் குகையில் தங்கினாள். அவள் யாருக்கும் திருநீறு கொடுத்ததில்லை, குறி சொன்னதில்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்ல மாட்டாள் என்று சுற்றுவட்டாரத்தில் பேச்சு இருந்தது.

அதை நம்பித்தான் அவன் ஏறி வந்தான்.

"உங்களுக்குத் தெரியாதது இல்லை. திருடன் யாருன்னு ஒரு பேரு. அது போதும் எனக்கு."

"என்ன அவசரம்?"

"வெள்ளிக்கிழமை ஊர் கூடுது. அன்னிக்குள்ள நான் பேரைச் சொல்லணும்."

"சொல்லலைன்னா?"

மாயழகு தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"காவல்காரனே குடிச்சுட்டான்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க, தாயே."

குகையம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

*

"ஊருணிக்கு எத்தனை படி?"

"மொத்தம் பதினெட்டு. இப்போ அஞ்சு படிக்குத் தண்ணி நிக்குது."

"ஒரு படி இறங்க எத்தனை நாள்?"

இந்தக் கேள்வி மாயழகுக்குப் பிடித்திருந்தது. இது அவன் வீட்டுக் கணக்கு.

"எங்கப்பன் காலத்துலேர்ந்து, நல்ல கோடையிலயும் ஒரு படி இறங்க ஒரு மாசம் ஆகும். இந்த வருஷம் பதினஞ்சே நாள். குடத்தை ஒண்ணாக் குறைச்சேன். அப்பவும் பதினாறு நாள்தான். ஒரே ஒரு நாள் கூடுச்சு."

"அப்புறம்?"

"மூணு நாள் யாரும் அள்ளக் கூடாதுன்னு தண்டோரா போட்டோம். சுத்தி முள்வேலி. பரண் மேல நான். கண்ணு மூடலை தாயே, சத்தியமா மூடலை. மூணாம் நாள் குச்சி வச்சுப் பார்த்தா ஒன்றரை விரல் குறைஞ்சிருக்கு."

"நீங்க யாரையும் பார்க்கலை."

"பார்க்கலை."

"ஆனா ஒருத்தியைப் பிடிச்சீங்க."

மாயழகின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "சும்மா பிடிக்கலை. கரை மேல அவ வீடு ஒண்ணுதான் இருக்கு. இருளாயின்னு பேரு. புருஷன் செத்தவ. நாலு வயசுல ஒரு பொம்பளப் பிள்ளை, ரெண்டு ஆடு. ஊர் முழுக்க அருகம்புல்லு கருகிக் கிடக்கு. அவ வாசல்ல மட்டும் பூசணிக்கொடி பச்சைப் பசேல்னு படர்ந்திருக்கு. பிஞ்சு விட்டிருக்கு தாயே, பிஞ்சு! ஒரு குடம் தண்ணியில எவளுக்குப் பூசணி காய்க்கும்?"

"அவகிட்டயே கேட்டீங்களா?"

"கேட்டோம்."

"என்ன சொன்னா?"

"என்னமோ சொன்னா. அரிசி களைஞ்ச தண்ணியில பாத்திரம் கழுவுறேன், கழுவின தண்ணியை ஆட்டுக்கு வைக்கிறேன், ஆடு குடிச்ச மிச்சத்தைக் கொடிக்கு விடுறேன், ஒரே தண்ணியத்தான் சுத்திச் சுத்தி வச்சுக்கிறேன்னு. பிள்ளை தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணினா."

"நீங்க நம்பலை."

"திருடுறவ சத்தியம் பண்ணாம என்ன பண்ணுவா?"

குகையம்மா எழுந்து உள்ளே போனாள்.

*

குகையின் ஆழத்தில் ஒரு சுனை இருந்தது. வெயில் என்றைக்கும் எட்டிப் பார்க்காத இடம். காவல்காரன் கண் தானாக அதன் விளிம்பை அளந்தது. பாறையில் பழைய தண்ணீர்க்கோடு எங்கே இருந்ததோ, கிட்டத்தட்ட அங்கேயே தண்ணீர் நின்றது.

மலை உச்சியில் கிடக்கிற சுனை நிறைந்திருக்கிறது, ஊர் நடுவில் இருக்கிற ஊருணி வற்றுகிறது. மாயழகுக்கு அது அநியாயமாகப் பட்டது.

குகையம்மா இரண்டு பித்தளைத் தாம்பாளங்களோடும் ஒரு கொட்டாங்கச்சியோடும் வந்தாள். ஒரு தாம்பாளத்தை வெளியே பாறை மேல் வைத்தாள். கொட்டாங்கச்சி நிறையத் தண்ணீர் மொண்டு அதில் ஊற்றினாள்.

"இதைக் காவல் காத்துக்கிட்டிருங்க. சாயங்காலம் அப்படியே என்கிட்ட ஒப்படைக்கணும்."

"இது மட்டும்தானா?"

"ஊருணியைக் காத்தவருக்கு இது பெரிசா?"

மாயழகு சிரித்துவிட்டான். ஏறி வந்த பிறகு முதல் சிரிப்பு. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, கம்பைக் குறுக்கே வைத்து, தாம்பாளத்துக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

அவள் இன்னொரு தாம்பாளத்தை எங்கே வைத்தாள் என்று அவன் பார்க்கவில்லை. காவலில் இருப்பவன் திரும்பிப் பார்க்கக் கூடாது.

*

முதலில் ஒரு தேனீ வந்தது.

தாம்பாளத்தின் விளிம்பில் உட்கார்ந்து குனிந்தது. மாயழகு துண்டை அவிழ்த்து வீசினான். அது ஒரு சுற்றுப் பறந்து மறுபக்கம் வந்து உட்கார்ந்தது. அவன் மறுபக்கமும் வீசினான்.

"யாரு அங்கே?" உள்ளிருந்து குரல் வந்தது.

"தேனீ, தாயே."

"பூசணிப்பூவைத் தேடிக்கிட்டு வந்திருக்கும். அதையும் ஊர் எல்லை வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க."

மாயழகு தேனீயை விரட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

வெயில் ஏறியது. பாறை சுட்டது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை மூக்கு நுனி வரை வந்து, பாறையில் விழுந்தது. வட்டமாகக் கறுத்தது. அவன் பார்க்கப் பார்க்க அந்த வட்டம் ஓரத்திலிருந்து சுருங்கி, ஒரு மிளகளவாகி, இல்லாமல் போனது.

அவன் அதைப் பார்த்தான். ஆனால் அவன் காவல் காப்பது அதை அல்லவே.

இன்னொரு சொட்டு விழுந்தது. அதுவும் போனது.

நடுப்பகலில் தாம்பாளத்தின் ஓரத்தில் பித்தளை பளிச்சென்று தெரிந்தது. காலையில் அங்கே தண்ணீர் நின்றது. அவன் குனிந்து அடிப்பக்கம் தடவினான். ஓட்டை இல்லை. பாறையில் ஈரம் இல்லை.

அவன் சுற்றிலும் பார்த்தான். குன்றில் அவனையும், கொதிக்கிற காற்றையும் தவிர யாருமில்லை.

பொழுது சாய்கிறபோது தாம்பாளம் காய்ந்து கிடந்தது.

*

குகையம்மா வந்து நின்றாள்.

"தண்ணி எங்கே?"

"தெரியலை தாயே."

"இங்கே இருக்கிறது நீங்களும் நானும். நான் உள்ளே இருந்தேன்."

"நான் தொடலை."

"தாகமா இருந்திருக்கும். காலையிலேர்ந்து வெயில்ல இருக்கீங்க. ஒரு வாய் குடிச்சிருப்பீங்க. தப்பில்லை, ஒத்துக்குங்க."

"ஒரு சொட்டு தொட்டிருந்தா என் நாக்கு அழுகிப்போகும்!"

"திருடுறவங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

"என் பிள்ளைங்க தலையில கை வச்சு..."

மாயழகு நிறுத்திக்கொண்டான்.

அந்த வார்த்தையை அவன் எங்கேயோ கேட்டிருந்தான். அவன் குரலில் இல்லை. வேறொரு குரலில். பரணுக்குக் கீழே, அறுபது வீட்டுக்காரர்களும் சுற்றி நிற்க, புழுதியில் முழங்கால் போட்டு, ஒரு சின்னத் தலையின் மேல் ஒரு கை.



அவன் காய்ந்த தாம்பாளத்தைப் பார்த்துக் கேட்டான்: "பின்னே யாரு குடிச்சது?"

"உதட்டை நக்கிப் பாருங்க."

அவன் நக்கினான்.

"என்ன ருசி?"

"உப்பு."

"காலையிலேர்ந்து சொட்டுச்சே வேர்வை. உப்பு இருக்கு. தண்ணி எங்கே?"

மாயழகு முகத்தைத் தடவினான். வறண்டிருந்தது. உள்ளங்கையில் வெள்ளையாகப் பொடி ஒட்டியது.

அவன் மெல்லத் தலையைத் தூக்கி மேற்கே பார்த்தான். சூரியன் பனங்காட்டுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் அறியாத முகம்.

"கெட்டிக்காரன்," என்றாள் குகையம்மா. "உப்பை வச்சுட்டுத் தண்ணியை மட்டும் எடுத்துக்கிட்டுப் போவான். கடல்லயும் இதே வேலைதான்."

*

"அவனா?" மாயழகு நம்ப முடியாமல் கேட்டான். "வேட்டியைக் காயவைக்கிறவனுக்கு ஊருணியைக் குடிக்கிற அளவுக்கு வாய் இருக்கா? அப்படின்னா எங்கப்பன் காலத்துலயும் இதே சூரியன்தானே? அப்போ ஏன் குடிக்கலை? ஒரு படி ஒரு மாசம் நின்னுச்சே?"

"உள்ளே வாங்க."

குகை வாசலின் நிழலில் இன்னொரு தாம்பாளம் இருந்தது. அதிலும் ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீர். காலையில் ஊற்றியது.

கொஞ்சம் குறைந்திருந்தது. கொஞ்சம்தான்.

மாயழகு அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். தண்ணீரில் குகையின் கூரை தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் முகம் மெதுவாக மாறியது.

"மரம்," என்றான்.

"எந்த மரம்?"

"கரையைச் சுத்திப் பதினோரு மரம். ஏழு மருதம், நாலு நாவல். தண்ணி மேல வெயில் விழாது தாயே. உச்சிவேளையில கூட அங்கங்க காசு காசாத்தான் விழும். மாசி மாசம் வெட்டினோம்."

"ஏன்?"

"மழை பொய்ச்சுப் போச்சு. பக்கத்து ஊர்க்காரங்க மரத்து மறைவுல வந்து அள்ளிருவாங்கன்னு... திருடன் ஒளிய இடம் இருக்கக் கூடாது, பரண்லேர்ந்து பார்த்தா மொத்தத் தண்ணியும் தெரியணும்னு நான்தான் சொன்னேன்."

"பரண் எதுல கட்டினீங்க?"

மாயழகு தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்த மரத்துலதான்."

*

அன்று இரவு அங்கேயே படுத்தான். விடிந்ததும் கிளம்பவில்லை. அடுப்பில் கம்பங்கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. குகையம்மா சட்டியைத் தட்டால் மூடியிருந்தாள்.

"அவனை ஒண்ணும் பண்ண முடியாதா?" என்றான் அவன்.

"யாரை?"

"அவனைத்தான்." மேலே கை காட்டினான். "ஏதாவது மந்திரம், நேர்த்திக்கடன்..."

"நாளையிலேர்ந்து எந்தத் தண்ணியிலயும் அவன் ஒரு சொட்டுக்கூட எடுக்க மாட்டான்னு ஒரு வரம். வேணுமா?"

மாயழகு இரண்டு கையையும் நீட்டினான். "கொடுங்க தாயே. இப்பவே கொடுங்க."

"ஊருணி தப்பிச்சுரும்."

"ஆமா."

"கண்மாயும் கடலும் அப்படியே கிடக்கும்."

"கிடக்கட்டும்."

"ஐப்பசி பிறந்ததும் வானத்தைப் பார்த்து என்ன கேப்பீங்க?"

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

குகையம்மா கஞ்சிச்சட்டியின் தட்டைத் தூக்கினாள். அதன் அடிப்பக்கம் முழுக்க முத்துமுத்தாக நீர். தட்டை அவன் கைக்கு மேலே சாய்த்துப் பிடித்தாள். முத்துகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. கனத்தன. ஓடின.

ஒரு சொட்டு அவன் உள்ளங்கையில் விழுந்தது.

"இது யாரு திருடினது?"

மாயழகு கையை மூடினான். பிறகு திறந்தான். பிறகு, ஏனென்று தெரியாமல், வாயில் வைத்து உறிஞ்சினான்.

அதில் கம்பின் ருசி இல்லை. சட்டியில் போட்ட உப்பின் ருசியும் இல்லை. தண்ணீர் மட்டும்.

"எடுத்ததை அவன் எங்கேயும் பதுக்கலை," என்றாள் அவள். "நீங்க குடிச்ச தாய்ப்பால் வரைக்கும் அவன் எடுத்துக் கொடுத்ததுதான்."

"எடுத்த இடத்துலயே கொடுக்கிறானா?"

"இல்லை."

"பின்னே?"

"காத்து போற பக்கம்."

மாயழகு கஞ்சி குடிக்கவில்லை. எழுந்து கம்பை எடுத்துக்கொண்டான். வாசலைத் தாண்டும்போது அந்தக் காய்ந்த தாம்பாளம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. அவன் அதைக் குனிந்து எடுத்து நிழலில் வைத்துவிட்டு இறங்கினான்.

*

வெள்ளிக்கிழமை ஊர் கூடியது.

எப்போதும் மருதமரத்தடியில் கூடுவார்கள். இப்போது கரையில் பரணின் நிழல் ஒன்றுதான். அறுபது வீட்டு ஆம்பளைகளும் பெண்களும் அந்த ஒரு பாய் அகல நிழலுக்கு முட்டி மோதினார்கள். ஊர்த் தலைவரான அம்பலகாரர் நடுவில் உட்கார்ந்தார். ஒதுங்க இடம் கிடைக்காதவர்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார்கள்.

மாயழகு வெயிலில் நின்றான்.

"பேரு கொண்டாந்தியா?" என்றார் அம்பலகாரர்.

"கொண்டாந்தேன்."

அவன் சொன்னான். தாம்பாளத்தைச் சொன்னான். வேர்வையைச் சொன்னான். கஞ்சித் தட்டைச் சொன்னான். அவனுக்குப் பேச வராது. நடுவில் இரண்டு இடத்தில் நின்றுபோனான்.

கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பின்னாலிருந்து பச்சைக்கிளி என்கிற கிழவி கத்தினாள்:

"அப்போ சூரியனுக்கு விலங்கு மாட்டப் போறீகளா? ஏணி யாரு வீட்டுல இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். பல நாளாகச் சிரிக்காதவர்களின் சிரிப்பு. அது சீக்கிரம் அடங்கவில்லை. யார் வீட்டிலும் திருடன் இல்லை என்பதில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

அம்பலகாரரும் சிரித்தார். "சரிதான்ப்பா. வெயில் குடிக்குது. மாயழகு மேல குத்தமில்லை. உட்காரு மாயழகு."

யாரோ நகர்ந்து நிழலில் அவனுக்கு ஒரு முழம் இடம் விட்டார்கள்.

அவன் அந்த இடத்தைப் பார்த்தான். உட்கார்ந்திருக்கலாம். கால் வலித்தது. தலை சுட்டது.

"மரத்தை வெட்டச் சொன்னது நான்," என்றான்.

"அதான் எல்லாரும் சேர்ந்துதானே வெட்டினோம். விடு."

"மூடியிருந்த தண்ணியை நான்தான் திறந்து வச்சேன்."

"சரி விடுப்பா. மழை பெய்ஞ்சா கன்னு நட்டுக்கலாம்."

"இருளாயி எடுக்கலை."

சிரிப்பு நின்றது.

ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. சிலர் தண்ணீரைப் பார்த்தார்கள். சிலர் காலடி மண்ணைக் கிளறினார்கள். அன்றைக்கு அவள் பூசணிக்கொடியை வேரோடு பிடுங்கி எறிந்தவன் தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

பச்சைக்கிளி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அம்பலகாரர் தொண்டையைச் செருமினார்.

"போனவ போயிட்டா. அடுத்த பேச்சைப் பேசுங்கப்பா."

மாயழகு கம்பைப் பரணின் காலில் சாய்த்து வைத்தான். அவன் அப்பன் கையிலிருந்து வாங்கிய கம்பு. பிறகு கரையிலிருந்து இறங்கி நடந்தான். பூட்ட வேண்டிய அளவுக்கு அவன் வீட்டில் ஒன்றுமில்லை. பொண்டாட்டி போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. மகள்கள் அவரவர் வீட்டில்.

யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அவனுக்கு விட்ட ஒரு முழ நிழலில் வேறொருவர் உட்கார்ந்துகொண்டார்.

*

"எந்தப் பக்கம் போனா, தாயே?"

அவன் மறுபடியும் குகை வாசலில் நின்றான். இந்த முறை கையில் கம்பு இல்லை.

குகையம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போன தடவை வந்தப்போ இதைக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

"இங்கே வந்தாளா?"

"உங்க ஊர் எல்லையைத் தாண்டினா நிழல்னு இருக்கிறது இந்தக் குகை ஒண்ணுதானே."

மாயழகு பாறையில் உட்கார்ந்தான்.

"தண்ணி கேட்டா. கொடுத்தேன். பிள்ளை தோள்ல கிடந்துச்சு. உடம்பு அனலாக் கொதிச்சுது. கண்ணைத் திறக்கலை. மூணு மிடறு அதோட வாயில விட்டா. மிச்சத்துல துணியை நனைச்சு அது நெத்தியைத் துடைச்சா. அந்தத் துணியை இங்கே கொண்டுவந்து பிழிஞ்சா."

அவள் காட்டிய இடத்தில், இரண்டு பாறைகள் சேரும் இடுக்கில், கைப்பிடி மண் இருந்தது. மண்ணில் இரண்டு இலை. கனமான, சொரசொரப்பான, இளம்பச்சை இலை.

மாயழகுக்கு அந்த இலையைத் தெரியும்.

"முந்தானையில ஒரு விதை முடிஞ்சு வச்சிருந்தா," என்றாள் குகையம்மா. "அப்புறம் ஆட்டை ஓட்டிக்கிட்டுக் கிழக்கே இறங்கிட்டா."

"பிள்ளை?"

"போகும்போது மூச்சு இருந்துச்சு."

கேட்டதற்கு மேல் அவள் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை.

உள்ளே போய் ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீர் கொண்டுவந்தாள். மாயழகு வாங்கினான். மூன்று மிடறு குடித்தான். மிச்சத்தைக் கொண்டுபோய் இரண்டு இலையின் காலடியில் ஊற்றினான். மண் அதைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது.

கிழக்கிலிருந்து காற்று வந்தது. அதில் ஏதோ ஒரு வாசனை இருந்தது. அவன் நிமிர்ந்தான்.

வெகுதூரத்தில், வானத்துக்கும் பூமிக்கும் நடுவே, சாம்பல் நிறத்தில் ஒரு சேலையைச் சாய்வாக உலர்த்தியது போல இருந்தது.

"மழையா?"

"மழைதான்."

அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பக்கம்தான் அவள் போயிருக்கிறாள்.

"எங்க ஊருணித் தண்ணி," என்றான்.

"கொஞ்சம் இருக்கும் அதுல."

"திரும்ப எங்க ஊருக்கு வருமா, தாயே?"

"வரும். இந்த வருஷமோ, அடுத்த வருஷமோ. நீங்க என்ன பண்ணியிருந்தாலும் வரும்."

மாயழகு துண்டை உதறித் தோளில் போட்டான். கிழக்கே இறங்கும் பாதையில் ஒரு கால் வைத்தான். திரும்பினான்.

"அவ வருவாளா?"

குகையம்மா அவன் கையிலிருந்த வெறும் கொட்டாங்கச்சியை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"தண்ணிக்கு ரோஷம் கிடையாது, காவல்காரரே."